கண்ணாடிக்கடை அக்காவின் மூளித் தட்டுகள்

டொக், டொக் என்று விரல் முட்டியால் இரண்டு தட்டு. பிறகு தலையைச் சாய்த்து ஒரு நொடி கேட்கிறார். நான் மரியாதையாக எடுத்து வைத்த தட்டு அது. அதிலிருந்த பிஸ்கட்டை அவர் இன்னும் தொடக்கூட இல்லை.

"இதுல விரிசல் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. இன்னும் நாலு மாசம் தாங்கும். உடைஞ்சா தூக்கிப் போட்றாத, எனக்குக் குடுத்துடு," என்றார். அதற்குப் பிறகுதான் பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

நாலு மாதமெல்லாம் தாங்கவில்லை. ஐந்தாவது வாரமே அந்தத் தட்டு கழுவும் தொட்டியில் இரண்டாகப் பிளந்தது. "வாய வெச்சுட்டாங்க பாரு," என்றார் என் வீட்டுக்காரர். நான் இரண்டு துண்டையும் செய்தித்தாளில் சுற்றிக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கும் கீழ்வீட்டுக் கண்ணாடிக்கடை அக்காவுக்கும் சிநேகிதம் ஆரம்பம். ஆறு வருஷம் ஆகிறது.

இவர் தட்டிப் பார்க்காத பீங்கான் இந்தத் தெருவில் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் தட்டுவார். டாக்டரின் வரவேற்பறையில் காத்திருக்கும்போது பூச்சாடியைத் தட்டுவார். தெரியாதவர்கள் முறைத்துப் பார்ப்பார்கள். அவமரியாதை ஒன்றும் இல்லை, அது கையில் ஏறிவிட்ட பழக்கம். "நல்ல பீங்கான் கணீர்னு பேசும். விரிசல் விட்டது சளி புடிச்ச ஆளு மாதிரி பேசும். கேட்டுப் பழகிட்டா உனக்கே தெரியும்," என்பார். நானும் ஆறு வருஷமாகக் கேட்கிறேன். எனக்கு எல்லாமே டொக் என்றுதான் கேட்கிறது.

பெரிய தெருவில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறார். கடைக்குள் போகிறவர்களுக்குத் தெரிவது பளபளக்கும் அலமாரிகளும், வாய் ஓயாமல் பேசும் முதலாளியும்தான். அவருக்குப் பின்னால் ஒரு திரை தொங்கும். திரைக்குப் பின்னால் கட்டில் அகலத்துக்கு ஓர் அறை. அங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வட்டமாக வரும் லென்ஸை அவரவர் வாங்கிய பிரேமின் வடிவத்துக்குச் சக்கரத்தில் தேய்த்துக் கொடுப்பதுதான் அக்காவின் வேலை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் பிரேமிலிருந்து கழன்று விழும், ஒரு மயிரிழை குறைத்துத் தேய்த்தால் உள்ளேயே போகாது. "என்னைப் பாத்தவங்க ரொம்பக் கம்மி. நான் தேச்சதுல பாக்கறவங்க ஊரு பூரா," என்று ஒருநாள் பெருமையாகவே சொன்னார்.

அவர் விரல் நுனிகள் எப்போதும் சற்று வெளுத்து, ஊறிப்போய் இருக்கும். நகங்கள் அறுந்து அறுந்து சதையோடு ஒட்டி வளர்ந்தவை. பேசும்போது நம் முகத்தைப் பார்க்கிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அவர் பார்ப்பது நம் மூக்கை. "உனக்கு மூக்கு இடது பக்கம் லேசா சாயுது. பிரேம் வாங்கறப்ப சொல்லு, நான் வளைச்சுத் தர்றேன்," என்று முதல் சந்திப்பிலேயே சொன்னவர். நாற்பது வயதுவரை என் மூக்கு நேராக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். அன்று ராத்திரி முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்றேன்.

கடையில் லென்ஸ் தேய்க்கிற கை, வீட்டுக்கு வந்ததும் பீங்கானைத் தேய்க்கிறது. விளிம்பு மூளியான தட்டு, காது போன கோப்பை, மூடியைத் தொலைத்த டீ ஜாடி, ஜோடி பிரிந்த சாசர், எதுவானாலும் சரி. வாசல் ஜன்னலின் கீழ்த்திண்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடலாம். யார் வைத்தது என்று கேட்க மாட்டார். புதிதாகக் குடிவந்தவர்களுக்குக்கூட ஒரே வாரத்தில் இந்த வழக்கம் தெரிந்துவிடும். வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் உடைந்ததைக் காதும் காதும் வைத்தாற்போல் ஒழித்துக்கட்ட வேண்டிய மருமகள்கள் சிலர் நேராக இந்த ஜன்னலுக்குத்தான் வருவார்கள். அக்கா இதுவரை யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

உள்ளே போனால் பார்க்க வேண்டும். காது போன கோப்பையில் பல்தேய்க்கும் பிரஷ்கள் நிற்கும். மூடி இல்லாத டீ ஜாடிக்குள் சணல் நூல் உருண்டை உட்கார்ந்திருக்கும், நூலின் நுனி ஜாடி மூக்கு வழியாக வெளியே தொங்கும். வேண்டிய அளவு இழுத்து வெட்டிக்கொள்ளலாம், நூல் ஒருநாளும் சிக்கு விழாது. உடைந்த மூடிகளின் குமிழ்கள் அலமாரி இழுப்பறைகளுக்குக் கைப்பிடி. நீள வாட்டத் தட்டின் அடியில் இரண்டு துளை, அதற்கடியில் வேறொரு தட்டு, அது சோப்புப் பெட்டி. எறும்பு ஏறாமலிருக்க உணவு அலமாரியின் நாலு காலுக்கும் நாலு கிண்ணம், ஒவ்வொன்றிலும் தண்ணீர். ஒட்டுப் போட முடியாத அளவுக்கு நொறுங்கிப்போனதைக்கூட விடுவதில்லை. விளிம்பைத் தேய்த்து மழுக்கிப் பூந்தொட்டியின் அடியில் துளைக்கு மேல் கவிழ்த்து வைக்கிறார். தண்ணீர் வடியும், மண் வடியாது.

எல்லாமே ஜெயித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய சூப் பாத்திரம் ஒன்றைப் பறவைகள் குளிப்பதற்கென்று மதில்மேல் வைத்தார். இன்றுவரை ஒரு பறவையும் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுப் பூனைதான் தினமும் மத்தியானம் அதற்குள் சுருண்டு தூங்குகிறது. ஒரு தட்டில் முள் பொருத்திச் சுவர்க்கடிகாரம் செய்தார். தட்டில் புடைத்திருந்த பூவில் சின்ன முள் இடித்துக்கொண்டு நாலே காலுக்கு நின்றுவிட்டது. எத்தனை சரிசெய்தாலும் மறுபடி நாலே கால். "நம்ம வீட்ல எந்நேரமும் டீ நேரந்தான்," என்று அக்காவின் வீட்டுக்காரர் சொல்வார். கடிகாரத்தை இறக்க அவர் விடவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அக்கா கண்டிப்பானவர். விரிசல் விட்டதில் சாப்பாடு கிடையாது. "கீறலுக்குள்ள அழுக்கு போய் உக்காந்துக்கும். கழுவினாலும் வராது. சாப்பிடற வேலையில இருந்து அதுக்கு ஓய்வு குடுத்தாச்சு, வேற வேலை பாக்கட்டும்," என்பார். விளிம்பு மட்டும் மூளியாகி, தட்டினால் கணீரென்று ஒலிப்பதைத் தேய்த்து வழவழப்பாக்கி மறுபடி மேசைக்கு அனுப்பிவிடுவார். அவர் தேய்த்த இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது.

இனி அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை மாமா என்று கூப்பிடுகிறேன். பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். தெருமுனை திரும்பும்போதே மூன்று முறை விட்டு விட்டு ஹாரன் அடிப்பார், பிள்ளைகள் ஷூ மாட்டிக்கொண்டு ஓடிவருவார்கள். அதனால் அவர் பெயரே ஹாரன் மாமா. வேனில் அழுகிற பிள்ளையை முன் சீட்டுக்கு மாற்றி, சிக்னல் விளக்கு எப்போது பச்சையாகும் என்று எண்ணச் சொல்வாராம். பத்து எண்ணுவதற்குள் அழுகை நின்றுவிடும். சாப்பாட்டு மேசையிலும் அவர்தான் ராஜா. வேனில் நடந்த கதையைச் சொல்லிச் சொல்லிக் கைதட்டிச் சிரிப்பார். மாடிவரைக்கும் கேட்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா மடியில் கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. எதையாவது எடுத்துத் தூக்கினால் ஆடும். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் ஆடும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் போகவும் போகாது என்றார் டாக்டர். வேன் சாவியை மாமா அன்றைக்கே கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தார். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

வீட்டில் முதலில் போனது ஒரு கோப்பை. பிறகு ஒரு கிண்ணம். பிறகு அக்கா ஆசையாக வைத்திருந்த பெரிய தட்டு. ஒவ்வொரு தடவையும் மாமா குனிந்து துண்டுகளைப் பொறுக்குவார். அக்கா துடைப்பத்தோடு வந்து, "அந்தப் பெரிய துண்டை பத்திரமா எடுங்க, ரொம்ப நாளா இப்படி ஒரு வளைவுக்குத்தான் அலைஞ்சுட்டு இருந்தேன்," என்பார். நான் கேட்டிருக்கிறேன். நிஜமாகவே சந்தோஷப்படுகிற குரல்தான். மாமாவும் லேசாகச் சிரித்துவிடுவார். அந்தப் பெரிய தட்டுதான் இன்று அடுப்புப் பக்கத்தில் கரண்டி வைக்கிற தாங்கியாக இருக்கிறது. இப்படியே அவர்கள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அதில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தார். மாமாவின் தங்கை. கெட்டவர் இல்லை, அண்ணன் என்றால் உயிர். ஆனால் அன்பைக் கையில் எடுத்தால் கண்மண் தெரியாது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டையும், இரண்டு பக்கமும் காது வைத்து, உறிஞ்சுவதற்கு மூக்கு வைத்த மூடி போட்ட பிளாஸ்டிக் கோப்பையையும் எடுத்தார். கோப்பையில் மஞ்சள் வாத்துப் படம்.

"அண்ணா, இனிமே நீ இதுல சாப்பிடு. விழுந்தாலும் உடையாது. பாவம், அண்ணி எத்தனைன்னுதான் பொறுக்குவாங்க," என்று சொல்லி மாமாவின் முன்னால் வைத்தார். அன்று நானும் அந்த மேசையில் இருந்தேன். மாமா வாத்தைப் பார்த்தார். "எனக்குப் பசிக்கலம்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன அண்ணி, நான் நல்லதுக்குத்தானே..." என்று திருதிருவென்று விழித்தார். அக்கா வாத்துக் கோப்பையை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு எல்லோருக்கும் பரிமாறினார்.

அதற்குப் பிறகு மாமா மேசைக்கே வரவில்லை. அக்கா கடைக்குப் போன பிறகு சமையலறையில் நின்றபடி எதையோ வாயில் போட்டுக்கொள்வார். கேட்டால், "அப்பவே சாப்ட்டேன்." டீ வேண்டுமா என்றால், "விட்டுட்டேன்." நாலே காலுக்கு நின்ற கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்த மனிதர் டீயை விட்டுவிட்டாராம். ஆளும் இளைத்துவிட்டார். மாடியில் எனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. அக்காவிடம், "நீங்க ஏதாவது சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்றது? சொன்னா இன்னும் ஒளிஞ்சுக்குவாரு." சற்று நேரம் ஒரு சாசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்குக் கொட்டிடுமோன்னு பயம் இல்ல. சத்தந்தான் பயம். கோப்பை சாசர்ல கிடந்து கடகடன்னு ஆடுது பாரு, அது கேட்டவுடனே எல்லாரும் அவர் கையைத் திரும்பிப் பாக்கறாங்க. நானுந்தான் பாக்கறேன், சும்மா சொல்லக்கூடாது."

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் எனக்கு டீ வந்தது. கோப்பையைத் தூக்கினேன். சாசரும் கூடவே வந்தது. உலுக்கினேன், விடவில்லை. பிசுபிசுத்து ஒட்டியிருக்கிறதோ என்று திருப்பிப் பார்க்கப் போய் டீயைப் புடவையில் ஊற்றிக்கொண்டேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோப்பையின் அடியைத் தேய்த்துச் சமமாக்கி, சாசரின் நடுவில் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிட்டிருந்தார். ஒன்றல்ல, வீட்டில் இருந்த எட்டையும். அடி அகலமாகிவிட்டதால் கோப்பை எளிதில் கவிழாது. இரண்டும் ஒன்றாகிவிட்டதால் எவ்வளவு ஆடினாலும் சத்தமே வராது.

அப்போது மாமாவைக் கூப்பிட்டு, வேண்டுமா என்று கேட்காமலே, ஒன்றை அவர் முன்னால் வைத்தார். மாமா அதைத் தொட்டுப் பார்த்தார். என் கோப்பையைப் பார்த்தார், அக்காவின் கோப்பையைப் பார்த்தார். எல்லாம் ஒரே ஜாதி. இரண்டு கையாலும் சாசரோடு சேர்த்துத் தூக்கினார். கை ஆடியது. டீ ஆடியது. சத்தம் இல்லை. ஒரு மிடறு குடித்துவிட்டு, "இத எப்படிக் கழுவுறது?" என்று கேட்டார்.

"கழுவறது நீங்கதானே, நீங்களே கண்டுபுடிங்க," என்றார் அக்கா. நான் எழுந்து போய்ச் சமையலறையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன்.

அந்த வேகத்தில் அக்கா செய்த ஒரு தப்பையும் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். முந்தின வாரம் நான் ஒரு கோப்பையில் சர்க்கரை கொண்டுபோய்க் கொடுத்து, சாசரால் மூடி வைத்துவிட்டு வந்திருந்தேன். அதுவும் பசைக்குத் தப்பவில்லை. எங்கள் வீட்டின் நல்ல கோப்பைகள் ஆறில் ஒன்று இப்போது சாசரை விட்டுப் பிரியாது. விருந்தாளி வந்தால் யாருக்கு அது போய்ச் சேருகிறதோ அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே என் வீட்டுக்காரர் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

மாமா மேசைக்குத் திரும்பிவிட்டார். தட்டுகளிலும் அக்கா தட்டையானவற்றையெல்லாம் சுவருக்கும் பூந்தொட்டிக்கும் அனுப்பிவிட்டு, விளிம்பு உயர்ந்த கனமான குழித்தட்டுகளை எல்லோருக்குமாக வைத்துவிட்டார். கரண்டியை விளிம்பில் அணைத்து எடுத்தால் எதுவும் தப்பி ஓடாது. நான் போனால் பழையபடி வேன் கதை சொல்கிறார். ஆனால் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருக்கிற வரைக்கும்தான். வேறு யாராவது வந்தால், முக்கியமாக வாசலில் தங்கையின் குரல் கேட்டால், செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவார். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டே வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறுபடி போய்விடுவார். பேப்பர் சலசலப்பிலிருந்தே தெரியும், படிக்கவில்லை என்று. அண்ணன் தன்னிடம் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து நாத்தனார் என்னிடம் இரண்டு முறை அழுதிருக்கிறார். கோபமில்லை என்று எனக்குத் தெரியும். அதை நான் எப்படிச் சொல்வது?

போன ஞாயிறு மத்தியானம் நாத்தனார் மூன்று தட்டுகளைப் பூந்துவாலையில் சுற்றிக்கொண்டு வந்தார். அவர்கள் அம்மா வைத்திருந்த தட்டுகள். பெரிது, நடுத்தரம், சின்னது. ஓரத்தில் மங்கிப்போன பச்சைக் கொடி. முழு செட்டில் இந்த மூன்றுதான் மிச்சம், அதிலும் பெரியதன் விளிம்பு மூளி. மூன்றின் நடுவிலும் துளை போட்டு, நடுவே கம்பி கொடுத்து அடுக்குத் தட்டாகச் செய்து தர வேண்டும், மகளின் புது வீட்டுக்கு என்றார். வாசலில் பேச்சுக் குரல் கேட்டபோதே மாமா பின்னறைக்குப் போயிருந்தார்.

அக்கா மூன்றையும் முட்டியால் தட்டிக் கேட்டுவிட்டு, "மூணும் நல்லா இருக்கு. ஆனா நடுவுல துளை போடறது லேசுப்பட்ட வேலை இல்ல. போனா போனதுதான். சம்மதமா?" என்றார். நாத்தனார் தலையாட்டினார்.

கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லின் மேல் ஈரச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, பெரிய தட்டைக் கவிழ்த்து வைத்தார். நடுப்புள்ளியில் ஒட்டுத்தாள் ஒட்டினார், முனை வழுக்காமலிருக்க. கையால் சுற்றுகிற பழைய துளைப்பானை எடுத்து மாட்டினார். அதை ஒரு கையால் அழுத்தாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், மறு கையால் சுற்ற வேண்டும். ஆக இரண்டு கையும் போயிற்று. துளை விழுகிற இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிப் பீங்கான் பிளந்துவிடும். குடம் குடமாகக் கொட்டவும் கூடாது, மாவு கலந்து பால் மாதிரித் தேங்கிவிட்டால் துளையே கண்ணுக்குத் தெரியாது. சொட்டு, சொட்டாக விழ வேண்டும். ஒரு கிண்ணம் தண்ணீரும் தடித்த துணியும் எடுத்து நாத்தனாரிடம் கொடுத்தார்.

நாத்தனார் துணியை நனைத்துப் பிழிந்தார். பொலபொலவென்று கொட்டியது. மெதுவாகப் பிழியச் சொன்னால் சுத்தமாக நின்றுவிட்டது. துளைப்பான் சுற்றுகிற சத்தத்துக்குப் பயந்து கண்ணை வேறு மூடிக்கொண்டார். நான் வாங்கிப் பார்த்தேன். என் கையும் அதே லட்சணந்தான். ஒன்று வெள்ளம், இல்லையென்றால் வறட்சி. நான்கைந்து சுற்றிலேயே தட்டிலிருந்து காதைக் கூசவைக்கிற ஒரு கீச்சொலி கிளம்பியது. அக்கா சட்டென்று நிறுத்தினார்.

ஆள் இல்லாதபோது இந்த வேலைக்கென்றே அடியில் ஊசித்துளை போட்ட டப்பா ஒன்று அக்காவிடம் உண்டு. குழாயில் கட்டித் தொங்கவிட்டால் அது பாட்டுக்குச் சொட்டும். கதவுக்குப் பின்னால் ஆணியில் அது தொங்குவதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அக்காவும் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஏங்க! கொஞ்சம் இப்படி வாங்க," என்று அக்கா உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

பேப்பர் சலசலத்தது.

"உங்க அம்மா தட்டுங்க. பாதித் துளையில நிக்குது. வாங்க."

மாமா நிலைப்படியில் வந்து நின்றார். வலது கை சட்டைப் பைக்குள். தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அந்தப் பச்சைக் கொடியைப் பார்த்துக்கொண்டே சோறு தின்று வளர்ந்தவர் அல்லவா.

"என்ன பண்ணணும்?"

"இந்தத் துணியைத் தண்ணியில முக்கி, துளைக்கு நேரா புடிங்க. பிழிய வேண்டாம். சும்மா புடிச்சா போதும்."

"நானா?" குரல் தாழ்ந்துவிட்டது. "என் கையைப் பத்தித் தெரிஞ்சுதான் பேசறியா?"

"இருபத்தஞ்சு வருஷமா தெரியும். தெரிஞ்சுதான் கூப்பிடறேன். இவங்க ரெண்டு பேரு கையும் கல்லு மாதிரி இருக்கு, ஒரு சொட்டு விழ மாட்டேங்குது. வாங்கன்னா."

மாமா தங்கையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தார். அவர் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு அவர் பையிலிருந்து கையை எடுத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துணியை முக்கி எடுத்துத் தட்டுக்கு மேலே நீட்டினார்.

கை ஆடத் தொடங்கியது. தங்கை பார்க்கிறார் என்பதால் வழக்கத்தைவிட அதிகமாகவே ஆடியது. அந்த ஆட்டத்தில் துணியிலிருந்து ஒரு சொட்டு கழன்று துளையில் விழுந்தது. அடுத்த ஆட்டத்தில் அடுத்த சொட்டு. பிறகு இன்னொன்று. வேகமும் இல்லை, தாமதமும் இல்லை. அக்கா துளைப்பானைச் சுற்ற ஆரம்பித்தார். கீச்சொலி போய்விட்டது. வெள்ளை மாவு மெல்லிய கோடாக வழிந்து சாக்கில் இறங்கியது. "அப்படித்தான். அப்படியே இருக்கட்டும்," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

மாமா சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது. நாத்தனாரால்தான் தாங்க முடியவில்லை. அண்ணன் கை அப்படி ஆடுவதை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் அவர் பார்த்ததே இல்லை. கண் கலங்க முன்னால் நகர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அண்ணனின் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தார்.

சொட்டு நின்றது.

"விடும்மா. நீ புடிச்சா தண்ணி விழாது," என்றார் மாமா. இடது கையால் தங்கையின் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிட்டு, துணியை மறுபடி கிண்ணத்தில் முக்கித் தட்டுக்கு மேலே நீட்டினார்.